லாரி கேக்கைப் பிடித்த கை

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். ‘பாறை, தண்ணி வராது’ என்றார்கள். பிள்ளைப்பாக்கத்தில் போர் போட்டுத் தண்ணீர் எடுத்தேன். இருபது அறையில் ஹாஸ்டல் கட்டினேன். பிறகு கல்யாண மண்டபம். எதற்கும் இன்ஜினியர் கிடையாது. அப்படிப்பட்டவன் இன்று காலை வாலாஜாபாத் பஸ்ஸில் ஒரு கேக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனேன்.

பக்கத்து சீட்டுப் பெண், தன் அம்மா வீட்டில் காத்திருக்கும் மகனின் பிறந்தநாளுக்காக, குக்கரிலேயே வேகவைத்து லாரி வடிவில் செய்த கேக். அதைப் பெட்டியோடு மடியில் வைத்திருந்தாள். நின்றுகொண்டு வந்த புருஷன் ஒரகடத்தில் லாரி கம்பெனியில் குவாலிட்டி பார்ப்பவனாம்.

“முன் சக்கரம் ரெண்டு மில்லிமீட்டர் வெளிய கீது. எங்க லைன்ல இத்த ரிஜெக்ட் பண்ணிடுவாங்க.”

“உங்க லைன்ல லாரிய துன்னுவாங்களா?”

“ரீவொர்க் பண்ணியிருக்கலாம்னு சொல்றேன்.”

“விடியறதுக்குள்ள எழுந்து நான் மாவு கலக்கிகினு இருந்தா, நீ ஸ்கேல எட்துகினு வந்து அளந்துகினு இருந்த. ஒடையாம எட்தாறேன்னு புள்ளைக்கு சத்தியம் பண்ணிக்கீறேன். கம்முனு வா.”

வேகத்தடையில் பஸ் தூக்கிப் போட்டது. பெட்டி மடியிலிருந்து சரிந்தது. அளந்தவன் இரண்டு கையாலும் கம்பியைக் கட்டிக்கொண்டான். பெட்டியைத் தாங்கி நிறுத்தியது என் கை.

அவள் பதறித் திறந்து பார்த்தாள். “அப்பாடா, சக்கரம் அப்டியே கீது.”

“பின்ன? கெளம்பும்போது அழுத்தி வெச்சது யாரு? நான்தானே!”

அவளும் சிரித்துக்கொண்டு தலையாட்டினாள். என் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. கேக் வெட்டும்போது அந்தப் பிள்ளையிடம் ஒழுங்காகச் சொல்லுங்கள்: லாரி முழுசாக வந்தது, பக்கத்து சீட்டுப் பெரியவரால்.