வலது பின்தொடை

நீங்கள் பங்கு இறைச்சி வாங்கியிருக்கிறியளோ? நாலைஞ்சு வீடு சேர்ந்து ஒரு கிடாய் வெட்டி, தேக்கம் இலையில குவிச்சு, எல்லாருக்கும் ஒரே அளவாய்ப் பிரிக்கிறது. ஒட்டுசுட்டானில ஞாயிறு எண்டால் இதுதான். வெட்டுறவர் சிற்றம்பலம், நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரர்.

ஒரே அளவு எண்டது பொய். வலது பின்தொடைச் சதையை அவர் முதலே கழட்டிச் சாக்குக்குக் கீழ ஒளிச்சுப்போடுவார். எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் வாய் திறக்கமாட்டினம். அந்தச் சனத்தின்ர துணிவு அவ்வளவுதான்.

நான் நெடுந்தீவு ஆள். இஞ்ச இறைச்சி சோதிக்கிற இடத்தில வேலை. கிருமி இருக்கிற ஊதாக் குழாய்க்குள்ள இறைச்சிச் சாறை விட்டு, ஒரு இரவு சூட்டில வைக்கிறது. கிருமி வளர்ந்தால் மஞ்சளாகும், இறைச்சி நல்லது. ஆட்டுக்குப் போட்ட மருந்து மிஞ்சிக் கிடந்தால் கிருமி வளராது, ஊதா மாறாது. சின்னப்பிள்ளைக்கும் விளங்கும். அவைக்கு விளங்கேல்ல.

சித்திரையில ஒரு கிடாயில துண்டு வாங்கிச் சோதிச்சன். ஊதா மாறேல்ல. பிரிட்ஜில மிஞ்சினதைச் சமைக்காதேங்கோ எண்டு போய்ச் சொன்னனான்.

"உம்மட கிருமிக்கு ஒத்துவராட்டி அதுக்குக் குடுக்காதையும், தம்பி. நாங்கள் தின்னுறம்," எண்டார் சிற்றம்பலம்.

அவற்ற மனுசி இரஞ்சிதமக்கா சட்டி கழுவிக்கொண்டே சிரிச்சா. "நாங்கள் ஆடு வளர்க்கிறம், தீவான் கிருமி வளர்க்கிறான்."

திண்டினம். ஏவறை விட்டினம். ஒண்டும் நடக்கேல்ல. பிறகு றோட்டில கண்டால், "கிருமி என்ன சொல்லுது?" எண்டு கேட்பினம். என்னைப் பகிடி பண்ணட்டும். சோதனையைப் பகிடி பண்ணக் கூடாது.

சிற்றம்பலத்துக்குப் பெனிசிலின் ஒத்துவராது. ஆசுபத்திரியில ஒரு ஊசியோட செத்துப் பிழைச்சதை அவரே பெருமையாய்ச் சொல்லுவார்.

போன சனி பின்னேரம், அடுத்த நாள் வெட்ட இருந்த அவற்ற கிடாய்க்குத் தவிடு வைச்சன். நல்ல கிடாய், சத்தம் போடேல்ல. மாட்டுக்குப் போடுற அளவு பெனிசிலினை வலது பின்தொடையில ஏத்தினன். ஒழுங்காய்ப் பங்கு பிரிச்சிருந்தால் அவருக்குப் பெரிசாய் ஒண்டும் வந்திராது. களவெடுத்தது அவர், நானில்லை.

ஞாயிறு வெட்டேக்க, சோதிக்க ஒரு துண்டு கேட்டன். "இந்தா, உம்மட பிள்ளையளுக்கு," எண்டு குண்டிக்காயில, அதுதான் சிறுநீரகத்தில, ஒரு துண்டை எறிஞ்சார். மத்தியானம் அந்தத் தொடைக்கறி சாப்பிட்ட கையோட அவருக்கு முகம் வீங்கி, மூச்சு அடைச்சிட்டுது. ஆசுபத்திரிக்கெண்டு ஓட்டோவில ஏத்தினவை. முள்ளியவளை தாண்டேல்ல.

அடுத்த நாள் காலமை குழாய் ஊதாவாவே இருந்துது. செத்த வீட்டுப் பந்தலுக்குள்ள போய் இரஞ்சிதமக்காவுக்கு அதைக் காட்டினனான்.