நாப்பத்தியொண்ணாம் லாட்டு

இல்ல சார், இதுல நான் கையெழுத்து போட மாட்டேன். நீங்க நிறுத்தி நிறுத்தித்தான் படிச்சிக் காட்னீங்க, புரிஞ்சிச்சி. நானும் எட்டாவது வரைக்கும் படிச்சவதான். ஆனா இதுல கீறது நான் சொன்னது இல்ல. கெமிஸ்ட் ஷைனி ஆறு அட்டப்பொட்டி சரக்க ஆட்டோல ஏத்தினத குணசுந்தரி கண்ணால பாத்தாங்கன்னு போட்டுகீது. நான் பாக்கல. பாக்காதத எப்டி சார் பாத்தேன்னு எழுதறது?

அவரு இருக்கட்டும் சார். மேனேஜர் சாரு எதுக்கு வெளிய போவணும்? ஆதிகேசவன் சாரு எதிர்ல சொல்லணும்னுதான் வந்தேன். நீங்க மெட்ராஸ்லேருந்து வந்துகீற வக்கீலு. விசாரண பண்ணுங்கன்னு கம்பெனி உங்கள வச்சிகீது. கம்பெனி சாட்சின்னு சொல்லி என்ன கூப்ட்டாங்க. கம்பெனி சாட்சின்னா கம்பெனி சொல்றத சொல்றதா, கம்பெனில நடந்தத சொல்றதா? நான் நடந்தத சொல்றேன். டைப் அடிக்கிற பொண்ண அடிச்சிக்கினே வரச் சொல்லுங்க.

ஒக்கார வேணாம் சார். அஞ்சி வருசமா நின்னுக்கினுதான் வேல செய்றேன்.

என் வேல இன்னான்னா, முக்கற வேல. தீக்காயத்துக்கு போடற துணி செய்றோம் இங்க. ஆஸ்பத்திரில புண்ணுக்குக் கட்றாங்களே, அதே மெல்லிசு துணிதான். அத்த வெள்ளித் தண்ணில முக்கி, காயப் போட்டு, வெட்டி, பேக்கட்டுல வச்சி ஒட்டணும். வெள்ளின்னா கால்ல போடற கொலுசு வெள்ளியேதான். சேரும்போது எனக்கு அதெல்லாம் தெரியாது. வெளிய போர்டுல நானோன்னு எழுதிகீதா, இப்ப அந்தக் காரு பேரு வேற பேப்பர்ல வருதா, கவரப்பேட்டைல எல்லாரும் என்னாண்ட கேக்கறாங்க, காரு கம்பெனிலயா வேல செய்றேன்னு.

அந்த ஷைனி பொண்ணு வந்தப்பறம்தான் நாங்க இன்னா செய்றோம்னு எங்களுக்கே தெரிஞ்சிச்சி. வேப்பம்பட்டுலேருந்து ரெண்டு ரயிலு மாறி வருது அது. எட்டு மணிக்கு முன்னாடி வந்துடும். மத்த கெமிஸ்டுங்கல்லாம் முக்குன்னா முக்கணும், எதுக்குன்னு கேட்டா மொறைப்பாங்க. இது அப்டி இல்ல. ஒரு நாளு என் தலையிலேருந்து ஒரு முடிய எடுத்து வெளிச்சத்துல காட்டி, அக்கா, இந்த முடி அகலத்துல நம்ம வெள்ளித் துண்ட வரிசையா நிக்க வச்சா அஞ்சாயிரம் நிக்கும்னு சொல்லிச்சி. கண்ணுல தெரியாததுதான் கிருமிய கொல்லுது, வெள்ளி எவ்ளோக்கு எவ்ளோ பொடியாவுதோ அவ்ளோக்கு வேல செய்யும்னு சொல்லிச்சி. 

எனக்கு ஒரு டவுட்டு. வெள்ளி வெள்ளையாதான இருக்கணும், நம்ம தண்ணி மட்டும் எதுக்கு மஞ்சளா கீதுன்னு கேட்டேன். நல்ல கேள்விக்கா, அவ்ளோ பொடியாப் போனா அதும் கலரே மாறிடும், மஞ்சளா இருந்தா தனித் தனியா கீதுன்னு அர்த்தம், ஒண்ணோட ஒண்ணு சேந்துக்கிச்சின்னா சாம்ப கலராயிடும், அப்பால அது ஒதவாதுன்னு சொல்லிச்சி. சொல்லிட்டு, ஒரு கண்ணாடிக் குழாய்ல நம்ம தண்ணி எடுத்து, கேன்டீன்லேருந்து உப்பு ஒரு சிட்டிக எடுத்தாந்து போட்டுக் காட்டிச்சி சார். மஞ்சளா இருந்தது அப்டியே கத்திரிப்பூ கலராயி, கண் எதிர்லயே சாம்பலாப் பூட்ச்சி. நான் அன்னிக்கி ராத்திரி எங்க ஊட்டுக்காரராண்ட சொல்றேன், அவரு நம்பல.

கதை சொல்லல சார். விசயத்துக்குத்தான் வரேன். இது தெரியலன்னா மீதி உங்களுக்குப் புரியாது.

தண்ணி கலக்கறதும் லேசு கெடையாது. ஐஸுல பாத்திரத்த வச்சி, மருந்துத் தண்ணில வெள்ளித் தண்ணிய சொட்டு சொட்டா வுடணும். அவசரப்பட்டா கறுத்துப் பூடும். எனக்கு அது கை வந்திச்சி. ஒரு தடவ கலக்கற தண்ணில செய்ற துணி ஒரு லாட்டு. என் லாட்டு ஒண்ணு கூட கெட்டதில்ல, ரிஜிஸ்டர்ல பாருங்க. எங்க பக்கத்துல ரோலிங் மில்லுங்க எத்தினி கீது, உங்களுக்கே தெரியும். மாசத்துக்கு ஒருத்தராவது சுட்டுக்கினு வராங்க. போன வருசம் பரசுராமன்னு ஒரு ஆளு, செவக்கக் காஞ்ச கம்பி தொடையில பட்டுட்ச்சி. நம்ம துணிதான் போட்டாங்க. மூணே வாரத்துல தோலு ரோஸா வந்துட்ச்சி. கேட்டாண்ட வந்து கைலிய தூக்கிக் காட்டிட்டுப் போனாரு. வெக்கமா இருந்திச்சி, ஆனா அன்னிக்கி பூரா எனக்கு சோறு எறங்கல, அவ்ளோ சந்தோசம்.

சரி, நாப்பத்தியொண்ணாம் லாட்டு.

ஜூன் மாசம். வெள்ளி வெல ஏறிப் போச்சின்னு ஆபீஸ்ல ஒரே பேச்சு. ஷைனி அதோட அக்கா புள்ளைக்கு காது குத்தறாங்கன்னு மூணு நாள் லீவுல போச்சி. ஒரு ஞாயித்துக்கெழம எங்க நாலு பேர மட்டும் வரச் சொன்னாங்க. போனா, தண்ணி ரெடியா கீது. மேனேஜர் சாரே கலக்கி வச்சிகீறாரு. ஐஸும் இல்ல, சொட்டு வுட்ற குழாயும் கழுவாம அப்டியே காஞ்சி கெடக்குது. நல்ல பளிச்சுன்னு மஞ்சளு. முக்குங்கன்னாரு. முக்கினோம்.

நீங்க தலைய ஆட்டாதீங்க மேனேஜர் சார், நான் ஒங்களாண்ட பேசல, வக்கீல் சாராண்ட பேசறேன்.

என் வெரலப் பாருங்க சார். தோ, நகத்த சுத்தி கறுப்பு. இது அழுக்கு இல்ல. வெள்ளித் தண்ணி பட்டா அப்ப ஒண்ணும் தெரியாது, வெயில்ல போனா கறுத்துடும். சோப்பு போட்டாலும் போவாது, தோலு உரிஞ்சாத்தான் போவும். அஞ்சி வருசமா கையுறை ஓட்டையாத்தான் தராங்க. அன்னிக்கி ஊட்டுக்குப் போயி கை கழுவறேன், மஞ்சளா ஓடுது. ஓடி முடிஞ்சதும் வெரலு சுத்தமா கீது. மறுநாளும் கறுக்கல. அதுக்கு அடுத்த நாளும் கறுக்கல.

அதுல வெள்ளியே இல்ல சார். இருந்தாலும் பேருக்குத்தான். சாயம்.

பொறுங்க, எனக்கெப்டித் தெரியும்னு அப்பால கேளுங்க. அதுக்குத்தான் வரேன். எங்க தெருவுல பாக்கியராஜுன்னு ஒருத்தரு. எங்க ஊட்டுக்கும் அவங்க ஊட்டுக்கும் நடுவுல ஒரே ஒரு கொழாதான். பொண்டாட்டி பேரு மேரி. முன்ன நானும் மேரியும் ஒண்ணாத்தான் நாத்து நடப் போவோம், அப்பால நெலமெல்லாம் கம்பெனி ஆயிட்ச்சி, நான் இங்க வந்துட்டேன், அவரு மில்லுக்குப் போய்ட்டாரு. ஜூலை பத்தாந்தேதி உருக்கு ஒலை கிட்ட வெடிச்சி, நெஞ்சி, ரெண்டு கை, கழுத்து, எல்லாம் வெந்து போச்சி. மெட்ராஸ்ல பெரியாஸ்பத்திரில சேத்தாங்க. கட்டுத் துணி மில்லுக்காரங்களே வாங்கிக் குடுத்தாங்க. அவங்களுக்குப் பக்கத்துலயே நம்ம கம்பெனி கீதே, இங்கதான வாங்குவாங்க.

நாலாம் நாளு நான் போய்ப் பாத்தேன். கட்டு பிரிச்சி மாத்திக்கினு இருந்தாங்க. வாசன சார். புண்ணுன்னா வாசன இருக்கும், ஆனா இது வேற. போர்வ மேல மஞ்சத் திட்டு. நம்ம துணி போட்ட எடத்துல மஞ்சளே வராது, போர்வைல பட்டா சாம்பலாத்தான் ஒட்டும். பக்கத்துல பேக்கட்டு கவரு கெடந்துச்சி. எடுத்துப் பாத்தேன். நாப்பத்தியொண்ணு.

மறுநாளு ஷைனியாண்ட சொன்னேன். அது உடனே உள்ள போச்சி. ஸ்டோர்லேருந்து ஒரு பேக்கட்டு எடுத்தாந்து, பிரிச்சி, டம்ளர்ல தண்ணி வுட்டு ஊற வச்சிச்சி. மஞ்சளா எறங்கிச்சி. உப்பப் போட்டுச்சி. நாங்க ரெண்டு பேரும் நின்னு பாக்கறோம். ஒரு சிட்டிக, ரெண்டு சிட்டிக, ஒரு கை. மஞ்சளு மஞ்சளாவே கீது. கேசரிப் பவுடர கரச்சி வச்ச மாதிரி. ஷைனி அந்த டம்ளர தூக்கிக்கினு நேரா மேனேஜர் ரூமுக்குப் போச்சி. உள்ள இன்னா பேசினாங்கன்னு எனக்குத் தெரியாது, தெரியாதத சொல்ல மாட்டேன். வெளிய வந்து, ரிஜிஸ்டர்ல செவப்பு இங்குல, இந்த லாட்டு வெளிய போவக் கூடாதுன்னு எழுதி கையெழுத்து போட்டுச்சி. மிச்சம் இருந்த ஆறு பொட்டிய தனி ரூம்ல வச்சி பூட்டிச்சி. மில்லுக்கு போன் பண்ணி, அந்த பேக்கட்ட போடாதீங்கன்னும் சொல்லிச்சி. வேற துணி மாத்தினாங்க.

பதினோராம் நாளு பாக்கியராஜ் செத்துட்டாரு.

நல்ல துணி போட்டிருந்தா பொழச்சிருப்பாரான்னு கேக்கறீங்க. எனக்குத் தெரியாது சார். டாக்டரே, சொல்ல முடியாதும்மா, பாதி ஒடம்பு வெந்துகீதுன்னாரு. நான் அத்த சொல்லவே இல்ல. பொழைக்க ஒரு வழி இருந்துச்சின்னா அதுல சாயத்த ஊத்தி அடச்சிட்டாங்கன்னு சொல்றேன். அது பொய்யின்னா மேனேஜர் சார சொல்லச் சொல்லுங்க. கீழ பாத்துக்கினு கீறாரு பாருங்க.

அப்பால ஒரு வாரத்துல அந்த ஆறு பொட்டில இருந்ததக் காணோம். ரூமு பூட்டு அப்டியே கீது, பொட்டிங்களும் அப்டியே கீது, உள்ள பேக்கட்டு மட்டும் இல்ல. உடனே இன்னா பண்ணாங்க? ஷைனிதான் வித்துட்டான்னு நோட்டீஸு. ரெண்டாவது சாவி அதாண்ட கீதாம். கம்பெனில யாரும் அந்தப் பொண்ணாண்ட பேசக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. ரெண்டு ரயிலு மாறி வந்து, செக்யூரிட்டி ரூமாண்ட நாள் பூரா ஒக்காந்துட்டுப் போச்சி சார், டிபன் பாக்ஸு கூட தொறக்காம. மேனேஜர் சாரு என்ன ஆபீஸுக்குக் கூப்ட்டு, குணா, ஒன்ன பர்மனென்ட் பண்றேன், ஆட்டோல ஏத்தினதப் பாத்தேன்னு மட்டும் சொல்லுன்னாரு. நானும் சரின்னேன். சரின்னாத்தான் இந்த ரூமுக்குள்ள வுடுவாங்க, அதனால சரின்னேன்.

பேக்கட்ட நான்தான் எடுத்தேன் சார்.

டைப்ப அடிங்கம்மா, நிறுத்தாதீங்க. பேரு குணசுந்தரி, முக்கற செக்சன். வெட்டின கழிவுத் துணிய மூட்ட கட்டி வெளிய கொண்டு போறது என் வேல. செக்யூரிட்டி அத்த பிரிச்சிப் பாக்க மாட்டாங்க, நூலு ஒட்டிக்கும்னு. அந்த ரூம பெருக்கறதுக்குன்னு ஸ்டோர்ல கேட்டா சாவி தருவாங்க. நாலு நாள்ல எடுத்துட்டேன். ஷைனிக்குத் தெரியாது. தெரிஞ்சா வுட்ருக்காது, எல்லாத்தையும் எழுதி, கையெழுத்து வாங்கித்தான் செய்யணும்னு சொல்ற பொண்ணு அது. எதுக்கு எடுத்தேன்னா, இவரு ராவோட ராவா கொளுத்திப் போட்டாருன்னா அப்பால பாக்கியராஜுக்கு சாட்சியே கெடையாது. 

வித்தேனா? தீக்காயத் துணிய கவரப்பேட்டைல யாரு சார் வாங்குவாங்க? அதுவும் சாயத் துணி. எங்க கீதுன்னா, திருவள்ளூர்ல. மருந்து ஆய்வாளர் ஆபீஸ்ல. நேத்து மத்தியானம் குடுத்துட்டு வந்தோம். எண்ணிப் பாத்து, சீல் வச்சி, ரசீது குடுத்தாங்க. தோ. இத்த பாருங்க, ஆனா தர மாட்டேன். வேணும்னா ஜெராக்ஸ் எடுத்துக்கோங்க. திருட்டு கேசு போடணும்னா போடுங்க, நான் வரேன். ஆனா ஷைனி மேல எழுதின அந்தத் தாளு பொய்யின்னு இன்னிக்கே எழுதுங்க.

வந்தோம்னா யாருன்னு கேக்கறீங்களா? ஆமா சார், நான் தனியா போவல. மேரியும் வந்திச்சி.

முந்தா நாளு மேரியாண்ட சொன்னேன். அது கொழாவாண்ட ஒக்காந்து மீன் கழுவிக்கினு இருந்திச்சி. ஒன் புருசன் நெஞ்சில போட்ட துணிய முக்கினது நான்தான், அது சாயம்னு எனக்கு முன்னாடியே தெரியும்னு சொன்னேன். ஆமா சார், முன்னாடியே. ஆஸ்பத்திரில பாத்து தெரிஞ்சிக்கல. வெரலு கறுக்காத அன்னிக்கே தெரியும். ஜூன் மாசமே தெரியும். ஷைனி லீவு முடிஞ்சி வந்த அன்னிக்கே சொல்லியிருக்கலாம். பர்மனென்ட் லிஸ்ட்டு வரப் போவுதுன்னு எல்லாரும் சொல்லிக்கினு இருந்தாங்க, நமக்கு எதுக்கு பேஜாருன்னு வாய மூடிக்கினு, பேக்கட்டு ஒட்டி, லாட்டு நம்பரு குத்தினேன். இந்தக் கையாலதான்.

மேரி தலைய நிமித்தல. தெரிஞ்சேவான்னு ஒரே ஒரு வார்த்த கேட்டுச்சி. ஆமான்னேன். மீன அப்டியே போட்டுட்டு உள்ள போய் கதவ சாத்திக்கிச்சி. நேத்து காலைல புருசனோட மில்லு கார்ட கைல வச்சிக்கினு வந்து, எங்க ஊட்டு வாசல்ல நின்னுச்சி. மூட்டைல ஒண்ண அதுவே தூக்கிக்கிச்சி. திருவள்ளூர் வரைக்கும் என்னாண்ட பேசல. இன்னிக்கும் பேசல. பேசவே பேசாட்டியும் நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்.

இப்ப வெளிய கேட்டாண்டதான் சார் நிக்குது. உள்ள கூப்டட்டுமா?