கேமரா மேல் ஸ்டிக்கர்

ஒரகடத்திலிருந்து கிளம்பிய கம்பெனி பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் சீருடையோடு இரண்டு பெண்கள். போர் விமானத்துக்கு உதிரிபாகம் செய்கிறவர்கள் என்று பேச்சில் தெரிந்தது.

"ஒரு பிளேன் காசுல நம்ம ஊருக்குப் பெரிய ஆஸ்பத்திரியே கட்டலாம். நடுவுல எவன் துன்றானோ!" என்றாள் மூத்தவள்.

"அத்த வுடுக்கா. புது ஆர்டர் வந்தா என்னிய பர்மனெண்ட் பண்றேன்னாங்க."

"போன வருசமும் அதான் சொன்னாங்க. ஆமா, உள்ள போட்டோ புடிக்கக் கூடாதுன்னு கேட்ல போன் கேமரா மேல ஒட்டுன ஸ்டிக்கர வெளிய வந்தும் பிக்கலயா நீ?"

"பர்மனெண்ட் ஆனாதான் பிப்பேன். வேண்டுதல்."

"அடிப்பாவி! புள்ள பொறந்தநாளுக்கு?"

"போட்டோ எடுக்கல."

"கவர்மெண்டு அந்த பிளேனே வாணாம்னுட்டா இன்னாடி பண்ணுவ?"

இளையவள் கையிலிருந்த போனைத் திருப்பினாள். பிரிந்துகொண்டிருந்த ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் அழுத்தி ஒட்டினாள்.