மடியில் ஒரு கம்பளிக் கோட்டு

வவுனியாவிலிருந்து கிளிநொச்சி போகும் மத்தியான பஸ்ஸில், என் முன் இருக்கைப் பெண்மணி தடித்த கம்பளிக் கோட்டொன்றை மடியில் வைத்திருந்தார். பார்க்கவே எனக்கு வியர்த்தது. பக்கத்தில் அவர் கணவர் ஜன்னலில் தலை சாய்த்துக் கண்மூடியிருந்தார்.

“இந்த வெயிலுக்குக் கோட்டோ அக்கா?” என்று கேட்டாள், இடமில்லாமல் நின்றுகொண்டு வந்த ஒருத்தி.

“மகன்ரை. லண்டனுக்குப் படிக்கப் போறான். புது எயாப்போட்டிலை ஏத்திப்போட்டு வாறம். ரெண்டு நாளா நித்திரை இல்லை.”

“பெரிய இடமாமே?”

“ஓம், நிலமெல்லாம் வழுக்குது. ஒரு கண்ணாடிக் கதவோடை எங்களை மறிச்சுப்போட்டு, அவனை மட்டும் உள்ளுக்கு விட்டினம். பிறகுதான் பாக்கிறன், கோட்டு என்ரை கையிலை.”

“கூப்பிட்டிருக்கலாமே.”

“பயணம் போற பிள்ளையைப் பின்னாலை கூப்பிடலாமோ?”

கணவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: “நான் கூப்பிட வெளிக்கிட்டனான். இவா என்ரை வாயைப் பொத்திப்போட்டா.”

“அங்கை சரியான குளிராமே அக்கா.”

“அதுதானே பிளேன் பாக்கிற மேல்மாடிக்கு ஓடினனான். பிளேன் படியிலை ஏறேக்கை அவன் தானாத் திரும்பிப் பாத்தான். நான் கோட்டைத் தூக்கித் தூக்கிக் காட்டினன்.”

“கண்டவனோ?”

“கண்டவன். நான் வழியனுப்பிறன் எண்டு நினைச்சு, சிரிச்சுக்கொண்டு கையைக் காட்டிப்போட்டு உள்ளுக்குப் போயிட்டான்.”