நோராவின் லாகின்

காலை ஆறு மணி. பால் பாக்கெட்டை வெட்டுவான். காபி போடுவான். இரண்டு டம்ளர் எடுப்பான், ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைப்பான். குளிப்பான். சாப்பாட்டு மேஜையில் மூடிக் கிடக்கும் நோராவின் லேப்டாப்பைத் துடைப்பான். திறக்க மாட்டான். அவள் போன பிறகு அதற்கு யாரும் சார்ஜர் செருகியதில்லை. வீட்டைப் பூட்டிவிட்டு வேலைக்குக் கிளம்புவான்.

நம்ம பிரிஜெட்டின் அண்ணன் லாயிட்டைத்தான் சொல்கிறேன். கதவைச் சாத்திவிட்டு இப்படி நெருங்கி உட்காருங்கள். கரண்ட் வர எப்படியும் நேரமாகும்... வெளிச்சம் வந்துவிட்டால் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

ஊர் முழுக்க மொட்டை மாடிகளில் சோலார் இருக்கிறது இல்லையா? அத்தனையையும் ஒரே அறையில் உட்கார்ந்து கவனிக்கிற கம்பெனியில் அவனுக்கு வேலை. எந்த மாடியின் லைனையும் அங்கிருந்தே அணைக்கலாம், போடலாம். வெளியாள் எவனும் உள்ளே புகுந்து அதைச் செய்யாமல் காவல் காப்பது லாயிட்டின் வேலை. அவன் மனைவி நோரா, அதே கம்பெனியில் கூரை ஏறி ரிப்பேர் பார்க்கிறவள்.

கூரை ஏறுகிறவர்களுக்கு ஒரு பழக்கம். வயரைத் தொடும் முன் கீழே போய் மெயின் சுவிட்சை இறக்க வேண்டும். அதுதான் விதி. அந்த வெயிலில் யார் ஏணி இறங்கி ஏறுவது? போனிலேயே லைனை அணைத்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். அதுவும் எல்லோரும் ஒரே லாகினில். நோராவின் லாகின்.

"ஆளுக்கு ஒண்ணு வாங்கிக்கோங்க" என்று லாயிட் சண்டை போடுவான்.

"ரேஷன் கார்டு கேட்ட மாதிரி அலைய விடறது உங்க ஆபீஸ்தான். மொதல்ல வாங்கிக் குடுடா" என்பாள்.

ஊர் எல்லையில் சந்தாபுரா தாண்டி, தைல மரங்களுக்கு நடுவே ஒரு மண் ரோடு போகும். ஆள் நடமாட்டம் கிடையாது. அதன் முடிவில் ஒரு தகர ஷெட். போன வருஷம் அந்தக் கூரையில்தான் நோரா செத்தாள். லைனை அணைத்துவிட்டுத்தான் கை வைத்தாள். கை வயரில் இருக்கும்போது யாரோ லைனைப் போட்டுவிட்டார்கள்.

யார்? கம்பெனி தேடிப் பார்த்தது. அணைத்ததும் நோராவின் லாகின். போட்டதும் நோராவின் லாகின். 'சொந்தக் கவனக்குறைவு' என்று எழுதி முடித்துவிட்டார்கள். ஷாக் அடித்து விழுந்தவள் கடைசியாகப் போன் செய்தது லாயிட்டுக்கு. என்ன பேசினாள் என்று கேட்டார்கள். அவன் சொல்லவில்லை.

ஆள் போய்விட்டால் லாகினை மூட வேண்டும். மூட வேண்டியவன் லாயிட். அவன் மூடவில்லை. மற்றவர்களுக்கெல்லாம் புதிது கொடுத்துவிட்டு, அவளுடையதை மட்டும் பழைய பாஸ்வேர்டோடு திறந்தே வைத்தான். அன்றைக்கு லைனைப் போட்ட அந்தக் கை திரும்ப வரும்... உள்ளே இருக்கும்போதே பிடித்தால்தான் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். அவள் மேல் போட்ட பழியைத் துடைக்க அவனுக்கு வேறு வழி இல்லை. தினமும் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

வந்தது. நல்ல பட்டப்பகலில்.

சிரிக்காதீர்கள். சோலார் ராத்திரியில் ஓடுமா?

திரையில் ஒரு பச்சைப் புள்ளி. பக்கத்தில் பெயர். நோரா. சந்தாபுரா. அதே ஷெட்.

அன்றைக்கு அந்தக் கூரையில் கிருஷ்ணப்பா என்கிற பழைய லைன்மேன் இருந்தார். லைனை அணைத்துவிட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்து நாற்காலியில் இருந்த சுனில் எழுந்துவிட்டான். "மூடுறா அதை! மேல ஆள் இருக்கு!"

"கொஞ்சம் இரு."

"என்னத்த இரு? செத்துப்போவார்டா மனுஷன்!"

மூடினால் அந்தக் கை நழுவிவிடும். இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்தான். லாயிட்டின் விரல் பட்டன் மேலேயே நின்றது. சுனில் கிருஷ்ணப்பாவுக்குப் போன் போட்டான். அடித்தது... அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

லாயிட் மூடினான்.

அதற்குள் லைன் வந்துவிட்டிருந்தது.

பிறகு லாயிட்டின் போன் அடித்தது. கிருஷ்ணப்பா. மூச்சு வாங்கியது.

"யார் சார் லைன் போட்டது? வயர் ம்ம்ம்னு இரையுது! கைய வெச்சிருந்தேன்... கீழேருந்து ஒரு அம்மா கூப்ட்டாங்க. கைய எடுத்துத் திரும்பினேன். அவ்ளோதான் சார், பொழச்சேன்."

"எந்த அம்மா?"

"அதான் சார் தெரியல. ஷெட்டு பூட்டியிருக்கு. கீழ யாருமே இல்ல. கன்னடத்துல இல்ல, தமிழ்ல பேசினாங்க. என்னைக் கூப்பிடல சார்... உங்க பேரைச் சொல்லித்தான் கூப்ட்டாங்க. ஏதோ கேட்டாங்க."

என்ன கேட்டாள் என்று லாயிட் கேட்கவில்லை.

சுனில் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். வழி பிடிபட்டுவிட்டது.

"பொம்மனஹள்ளி காட்டுது. லாயிட்... இது உன் வீட்டு வைஃபைடா."

பைக்கை எப்படி ஓட்டினான் என்று அவனுக்கே தெரியாது. பூட்டு பூட்டியபடி இருந்தது. உள்ளே ஒரு வாசனை. நாள் முழுக்கக் கூரையில் நின்றுவிட்டு வருவாளே... காய்ந்த தகரமும் வியர்வையும் கலந்த அந்த வாசனை. காலையில் அலமாரியில் வைத்த டம்ளர் மேஜைமேல் இருந்தது. லேப்டாப் மூடித்தான் கிடந்தது. சார்ஜர் சுற்றியபடியே ஆணியில் தொங்கியது.

லேப்டாப் மேல் கை வைத்தான்.

சுட்டது.

பிரிஜெட்டிடம் ஒரே ஒரு தடவை சொன்னானாம். நோரா செத்த அன்று அவன் தனியாக அந்த வீட்டில்தான் இருந்தான். நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டுத் தூக்கம். அன்றும் லேப்டாப் அதே மேஜையில்தான் கிடந்தது. போன் அடித்தது. தூக்கக் கலக்கத்தில் எடுத்தான். அவன் வாய் திறப்பதற்குள் கட்டாகிவிட்டது. வயர் இரைகிற சத்தத்துக்கு நடுவே, மெதுவாக, அவள் கேட்டது இவ்வளவுதான்.

"லாயிட்... லைனைப் போட்டது நீயா?"