ஒப்பீட்டுத் தெரு

யாருக்கும் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல எனக்கு வராது. என் மனைவிக்கு இதில் தீராத மனக்குறை உண்டு. நீங்கள் இந்த விசாரணை அறையில் உட்காரவைத்துக் கேட்டதும் நான் பதில் சொல்ல ஆரம்பித்ததற்கும் அந்தக் குணம்தான் காரணம்.

பல்கலைக்கழகத்தின் தொழில்முனைவு மையத்துக்கு நான் இயக்குநர். ஆய்வுக்கூடத்தில் தூசி படிந்து கிடக்கும் கண்டுபிடிப்பைக் கடைத்தெருவுக்குக் கொண்டுபோய், அதனால் நாலு பேருக்கு வேலையும் எங்களுக்குப் பெயரும் வாங்கித் தர வேண்டும். ஆறு வருடத்தில் ஒன்பது நிறுவனங்கள் தொடங்கினோம். எட்டு படுத்துவிட்டன. மிஞ்சியது தண்ணீர் வடிகட்டி.

எங்கள் மதிலுக்குப் பின்னால் இரண்டு தெருக்கள். பழைய பேட்டரி ஆலையின் கழிவு இறங்கி, இரண்டிலும் நிலத்தடி நீர் கெட்டிருந்தது. அதில் கலந்த உலோகம் குழந்தைகளின் சிறுநீரகத்தை மெல்ல அரிக்கும். கிழக்குத் தெருவில் வீட்டுக்கு வீடு கருவியைப் பொருத்தினோம். மேற்குத் தெருவில் பொருத்தவில்லை. இரண்டையும் ஒப்பிட்டால்தானே கருவி வேலை செய்வது தெரியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரு தெருக் குழந்தைகளுக்கும் சிறுநீர்ப் பரிசோதனை நடந்தது. தண்ணீர் மோசம் என்று மேற்குத் தெருவில் சொல்லவில்லை. சொன்னால் வேறெங்காவது போய்த் தண்ணீர் பிடித்துவிடுவார்கள், ஒப்பிட ஆள் இருக்காது.

பன்னிரண்டாம் மாதமே விடை கிடைத்துவிட்டது. முறைப்படி அன்றே நிறுத்தி, மேற்குத் தெருவுக்கும் கருவியைக் கொடுத்திருக்க வேண்டும். ஆனால் நிறுவனத்தை வாங்க வந்தவர்கள் இருபத்து நான்கு மாத முடிவுகள் வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். ஒரு மாதம் குறைந்தாலும் விற்பனை இல்லை. பாகங்களைப் பூட்டிக் கருவி செய்யும் கொட்டகையில் கிழக்குத் தெருப் பெண்கள் முப்பத்து நான்கு பேர் வேலை பார்த்தார்கள். துணைவேந்தர் ஏறிய மேடையிலெல்லாம் எங்களைப் பற்றித்தான் பேசினார். நான் புலிவாலைப் பிடித்துவிட்டேன். நீங்கள் நம்பாவிட்டாலும், அந்த இரண்டு வருடத்தில் என்னைப் போல் மாட்டிக்கொண்டவன் யாரும் இல்லை.

பரிசோதனைகளைச் செய்த ஆய்வு மாணவி ஒருநாள் என் அறைக்கு வந்தாள்.

"சார், இதோட நிறுத்திடலாம். மேற்குத் தெருப் பிள்ளைங்க ரிப்போர்ட்டைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்மா. தாராளமா நிறுத்தலாம். உன்னோட அஞ்சு வருஷ ஆராய்ச்சியும் அதோட நின்னுடும். பரவாயில்லையா?"

முடிவுகளை வெளியே சொல்ல மாட்டேன் என்று எங்களுக்கு ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள். ரிப்போர்ட்டுகளை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

எங்கள் மையத்தைப் பெருக்கித் துடைக்கும் அம்மா மேற்குத் தெருக்காரர். எங்கள் பட்டியலில் பதினேழாம் எண் அவருடைய மகள். எட்டு வயது, வாய் ஓயாமல் பேசும். "காலையில எழுந்தா பாப்பாவுக்கு முகம் வீங்கிக் கிடக்குது சார். எதிர்த்தெருவுல எல்லாருக்கும் மிஷின் குடுத்தீங்களே, எங்களுக்கும் ஒண்ணு குடுங்களேன்" என்று அவர் கேட்டபோது, முறை வரும் என்றேன். இல்லை என்று சொல்லவில்லை.

பதினெட்டாம் மாதப் பரிசோதனையில் பதினேழாம் எண் மட்டும் தேறியிருந்தது. மேற்குத் தெருவில் ஒரு குழந்தை தேறக் காரணமே இல்லை. யாருடைய வேலை என்று உடனே புரிந்துவிட்டது. மாணவி காதும் காதும் வைத்தாற்போல் அந்த வீட்டில் ஒரு கருவியை மாட்டியிருந்தாள். வாங்குகிறவர்கள் கண்ணில் பட்டால் முதலுக்கே மோசம்.

மறுநாள் காலை திருப்புளியோடு நானே போனேன். அந்த அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"இதுல ஒரு கோளாறும்மா. கழட்டிட்டுப் போய்ச் சரிபண்ணணும்."

"நல்லாத்தானே ஓடுது சார்? இது வந்தப்புறந்தான் பாப்பா நல்லா சாப்பிடுறா."

"ஆபத்தான கோளாறு. ஆறு மாசத்துல நானே கொண்டுவந்து மாட்டிடறேன்."

"அதுவரைக்கும் எந்தத் தண்ணி குடுக்கட்டும்?"

"குழாய்த் தண்ணியே குடுங்க. ஒண்ணும் ஆகாது."

சிறுமிதான் கருவியைக் கார் வரைக்கும் தூக்கிவந்தாள். கொஞ்சம் கனம். "அங்கிள், சீக்கிரம் கொண்டாந்துடுங்க" என்றாள்.

கழற்றினால் என்ன ஆகும் என்று அப்போதே உங்களுக்குத் தெரியுமா என்று நேற்றிலிருந்து திருப்பித் திருப்பிக் கேட்கிறீர்கள். தெரியும். அவளுடைய கடைசி மூன்று அறிக்கைகளும் என் சட்டைப்பையில் இருந்தன. பழைய தண்ணீருக்குத் திரும்பினால் ஐந்தாறு மாதம்தான் தாங்குவாள் என்று பரிசோதனைகளைப் பார்க்கும் எங்கள் மருத்துவர் கடைசி அறிக்கையில் எழுதியிருந்தார். படித்துவிட்டுத்தான் போனேன். இருபத்து மூன்றாம் மாதம் இறந்துபோனாள். விற்பனை நல்லபடியாக முடிந்தது. இன்றைக்கு எத்தனையோ ஊர்ப் பிள்ளைகள் அந்தக் கருவியால் நல்ல தண்ணீர் குடிக்கிறார்கள், அதையும் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. சொன்ன ஆறு மாதம் முடிந்த அன்றே, புதுக் கருவி ஒன்றை வாங்கிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் சாத்திக்கொண்டார். வாசலிலேயே வைத்துவிட்டு வந்தேன். என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், ஒரு குழந்தைக்குக் கொடுத்த வாக்கை மீறினேன் என்று மட்டும் சொல்லாதீர்கள்.