நட்டுவாக்காலி கொட்டிய கால்

ஏழாயிரம்பண்ணையிலிருந்து சாத்தூர் போகும் பேருந்தில் நின்றவர்கள் மட்டும் முப்பத்தொரு பேர்; நடத்துனருக்குக் கவலையில்லை. என் முன் இருக்கையில் பட்டாசு ஆலையில் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள். மூத்தவளின் கால் வீங்கியிருந்தது.

“மருந்து, மருந்துன்னு கத்துனா, வெடிமருந்து பத்திக்கிச்சுன்னுதான மதினி ஓடுவோம்?”

“நட்டுவாக்காலி கொட்டுனதுக்கு மருந்து கேட்டேன்டி.”

“தேளுன்னு சொல்லியிருக்கலாம்ல?”

“வலியில வாயில வந்தது அதுதான். மழைத்தண்ணி வளைக்குள்ள போகவும் அது ரூமுக்குள்ள வந்துருச்சு. ஆலை ரூமுக்குள்ளதான் செருப்பு போட விடமாட்டாங்களே, வெறுங்காலு.”

“நான் திரும்பி வந்தேன்ல?”

“போர்மேன் பாத்து ஒண்ணுமில்லைன்னு சொன்னப்புறம் வந்த.”

இளையவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“அது முதுகு நெறய குஞ்சுடி. ஒண்ணக்கூட கீள விடாம சுமந்துக்கிட்டு ஓடுச்சு. நீ என் கையத் தட்டிவிட்டுட்டு ஓடுன.”